கேம் ஐடி, ஸ்கின் விற்று வாங்குபவர்களே, பணம் கைமாறும் முன் இதைப் படியுங்கள்

போன வருஷம் என் அக்கா மகன் பிஜிஎம்ஐ என்கிற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேமில் தன் ஐடியை, அதாவது கேம் கணக்கை, ஒரு டெலிகிராம் குரூப்பில் 14,000 ரூபாய்க்கு விற்றான். மூன்று வருஷம் ஆடிச் சேர்த்த ஐடி, நல்ல துப்பாக்கி ஸ்கின்கள் (அலங்காரத் தோற்றங்கள்) இருந்தன. வாங்கியவன் பேரம்கூடப் பேசவில்லை. கேட்ட தொகையை அப்படியே யூபிஐயில் அனுப்பிவிட்டு, ஐடியை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனான். மூன்று வாரம் கழித்து காலேஜ் ஃபீஸ் கட்டப் போனால் கணக்கில் இருக்கும் பணம் நகரவே இல்லை. வங்கிக் கிளைக்குப் போய் விசாரித்தோம். வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் சொல்லித்தான் கணக்கை முடக்கியிருக்கிறோம், அவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த 14,000 எங்கோ ஒரு பெரியவரை ஏமாற்றி எடுத்த பணத்தின் ஒரு துண்டு. கணக்கு திறக்க நாலு மாதம் ஆனது, ஃபீஸுக்கு அக்கா நகையை அடகு வைத்தாள்.

பணம் தராமல் ஓடிவிடுபவனை நினைத்து எல்லோரும் பயப்படுகிறார்கள். கேட்டதைக் கேட்டபடி கொடுப்பவனை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. இந்தக் கட்டுரையில் பாதி அவனைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ரம்மி, போக்கர் மாதிரிப் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைப் பற்றிப் பேசவில்லை. அவற்றுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்து தடை போட்டுவிட்டது. இங்கே பேசுவது ஐடி, ஸ்கின், யூசி, டயமண்ட், கோல்டு மாதிரி கேம் நாணயங்கள் என்று கேமுக்குள் இருப்பதை வெளியே நிஜப் பணத்துக்குக் கைமாற்றுவது, ஆர்எம்டி (ரியல் மணி டிரேடிங்) என்பார்களே, அது. கிட்டத்தட்ட எல்லாப் பெரிய கேம்களின் விதிகளும் ஐடி விற்பதைத் தடுக்கின்றன. அதனால் ஏமாந்தாலும் கேம் கம்பெனி உங்கள் பக்கம் நிற்காது, பல நேரம் ஐடியையே தடை செய்யும். என்னைக் கேட்டால் விற்கவே வேண்டாம் என்பேன். ஆனால் நான் சொன்னதால் யாரும் நிறுத்தப் போவதில்லை என்றும் தெரியும். ஆகவே செய்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

வருகிற பணம் யாருடையது?

திருட்டுப் பணத்துக்கு கேம் ஏன் அவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். திருடிய கார்டை வைத்து டிவி வாங்கினால் டெலிவரிக்கு ஒரு முகவரி கொடுத்தாக வேண்டும். யூசி வாங்க முகவரியே வேண்டாம், நிமிஷத்தில் வந்துவிடும், அதை இன்னொருவனுக்குப் பாதி விலைக்கு விற்றால் கையில் இருப்பது சுத்தமான பணம். 2018இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பூட்டாமல் கிடந்த ஒரு தரவுத்தளத்தைப் பார்த்தபோது, ஒரு கும்பல் போலி ஆப்பிள் ஐடிகளைத் தானாக உருவாக்கி, திருட்டு கார்டுகளை அவற்றில் ஏற்றி, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், கிளாஷ் ராயல் போன்ற கேம்களில் வாங்கியதை வெளியே விற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அடுத்த வருஷமே, 2019 அக்டோபரில், வால்வ் கம்பெனி கவுன்டர்-ஸ்ட்ரைக் பெட்டிச் சாவிகளைப் புதிதாக வாங்கினால் கைமாற்ற முடியாதபடி செய்தது. கைமாறும் சாவிகளில் ஏறக்குறைய எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கியவை என்று அந்தக் கம்பெனியே எழுதியது. அதற்கும் முன்னால், ரூன்ஸ்கேப் கேமில் கோல்டு விற்பவர்கள் திருட்டு கார்டுகளில் கணக்குத் திறந்து திறந்து அட்டகாசம் செய்ததால், 2008 ஜனவரியில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் தாராளமாகப் பொருள் மாற்றிக்கொள்வதையே முடக்கினார்கள். 2011 பிப்ரவரியில்தான் அது திரும்ப வந்தது.

நம் ஊரில் இதே வேலை யூபிஐயில் நடக்கிறது. எங்கோ ஒருவரிடம் பிடுங்கிய பணத்தை நாலைந்து கணக்குகள் வழியே ஓட்டுவார்கள், அதில் ஒரு கணக்கு உங்களுடையதாக இருக்கும். பறிகொடுத்தவர் சைபர் கிரைம் உதவி எண்ணான 1930க்கு அழைத்தால், அந்தப் பணம் போன வழியில் இருக்கும் கணக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். நீங்கள் ஐடி விற்றீர்களா, கருவாடு விற்றீர்களா என்று அந்த நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்கு என்ன செய்யலாம்? அனுப்புகிறவர் பெயரைப் பாருங்கள். உங்களிடம் பேசியவர் ஒரு பெயர், பணம் வந்தது இன்னொரு பெயரில் என்றால், "அண்ணன் அக்கவுண்ட்", "ஃபிரெண்ட் நம்பர்" என்று எந்தக் காரணம் சொன்னாலும் ஐடியைக் கொடுக்காதீர்கள். பேசும்போதே சொல்லிவிடுங்கள், சொந்தக் கணக்கிலிருந்து மட்டும்தான் வாங்குவேன் என்று. ஒரே தொகை மூன்று நான்கு வேறு வேறு பெயர்களில் துண்டு துண்டாக வந்தால் சந்தேகமே வேண்டாம். "தப்பாக 5,000 கூடுதலாக அனுப்பிவிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்கள்" என்று வேறு நம்பர் கொடுத்தால் போடாதீர்கள், அப்படிப் போட்டால் திருட்டுப் பணத்தைக் கடத்தியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். வங்கியில் சொல்லி, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள். அப்புறம், சம்பளமோ ஃபீஸோ வீட்டுச் செலவோ இருக்கும் கணக்கில் இந்த மாதிரிப் பணத்தை வாங்கவே வாங்காதீர்கள். அக்கா மகன் அந்த ஒன்றைச் செய்திருந்தால் நகை வீட்டில் இருந்திருக்கும்.

பழைய ஏமாற்றுகளும் போய்விடவில்லை. பணம் வாங்க யூபிஐ பின் (PIN) நம்பர் போட வேண்டியதில்லை, கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. தனிநபர்கள் யூபிஐயில் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் வசதியை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் கியூஆர் அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க ப்ரோ, அமௌண்ட் வரும்" என்கிற கூட்டம் அப்படியே இருக்கிறது. பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அதை நம்பாதீர்கள், அதைத் தயாரிக்கத் தனி ஆப்பே வைத்திருக்கிறார்கள். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்புத் தொகையைப் பாருங்கள்.

ஐடியோடு சேர்ந்து போவது

ஐடி கொடுப்பது என்றால் பலர் அது இணைந்திருக்கும் ஜிமெயிலையோ ஃபேஸ்புக்கையோ பாஸ்வேர்டோடு கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஜிமெயிலில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். குடும்பப் போட்டோக்கள், தொடர்பு எண்கள், குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிளே ஸ்டோரில் ஏற்றிய கார்டு, டிரைவில் போட்டு வைத்த ஆதார் நகல் எல்லாம் அங்கேதான். ஃபேஸ்புக் என்றால் உங்கள் பெயரில் சொந்தக்காரர்களிடம் "அவசரமாக 3,000 வேண்டும்" என்று கேட்க ஒரு நாள் போதும். நீங்கள் அன்றாடம் புழங்கும் மெயிலையோ நம்பரையோ எந்த விலைக்கும் கைமாற்றாதீர்கள். கேமுக்கு என்று ஆரம்பத்திலேயே தனி மெயில் வைத்துக்கொள்வது நல்லது, இப்போதும் செய்யலாம்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கொடுத்து வாங்கிய ஐடி முழுசாக உங்களுடையது ஆவதே இல்லை. முதலில் தொடங்கிய மெயில், முதலில் பயன்படுத்திய போன், பழைய டாப்-அப் ரசீதுகள் எல்லாம் விற்றவரிடம்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து அவர் கேம் உதவிக் குழுவுக்கு எழுதி, என் ஐடியைத் திருடிவிட்டார்கள் என்று அந்த ரசீதுகளைக் காட்டினால் ஐடி அவரிடமே போய்விடும். பிறகு அதையே இன்னொருவருக்கு விற்பார். பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன், மெயில் மாற்றிவிட்டேன் என்பதெல்லாம் இதற்குத் தடை இல்லை.

மிடில்மேன் பற்றியும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் அங்கேதான் விழுகிறார்கள். குரூப் அட்மின் நடுவில் இருப்பார், பணத்தை வாங்கி வைத்துக்கொள்வார், ஐடி கைமாறியதும் கொடுப்பார் என்பது ஏற்பாடு. ஆனால் டெலிகிராமில் பெயரும் படமும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், யூசர்நேம் மட்டும்தான் ஒருவருக்கு ஒன்று. அதிலும் சிறிய எல், பெரிய ஐ எழுத்துகளை மாற்றிப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கு வந்த மெசேஜை வைத்துப் பேசாதீர்கள், குரூப்பின் அட்மின் பட்டியலைத் திறந்து அங்கிருந்து நீங்களே அவரைத் தொடர்புகொள்ளுங்கள். மூன்று பேர் இருக்கும் தனி குரூப்பை எதிராளி உருவாக்கி உங்களைச் சேர்த்தால், அதில் இருக்கும் மற்ற இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கலாம்.

பாதி விலை யூசி

மேலே சொன்ன திருட்டு கார்டு கதையின் மறுபக்கம் இது. கார்டுக்கு உரியவர் வங்கியில் புகார் செய்தாலோ, விற்றவனே ரீஃபண்ட் போட்டாலோ, அந்தப் பணம் திரும்பிப் போகும். அப்போது கேம் கம்பெனி யூசியைப் பிடுங்கும். நீங்கள் அதைச் செலவழித்துவிட்டால் இருப்பு மைனஸில் போகலாம், ஐடிக்குத் தடையும் வரலாம். விற்றவன் அதற்குள் வேறு பெயரில் வேறு குரூப்பில் இருப்பான். கேரக்டர் ஐடி நம்பரை மட்டும் கேட்டு டாப்-அப் செய்பவர்களிடம் இந்த ஆபத்து. "லாகின் டாப்-அப்" என்று பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்பவர்களிடம் ஐடியே போகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. இலவச யூசி தரும் ஆப் என்று ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப் கோப்பு) அனுப்பினால் போனில் ஏற்றாதீர்கள். எஸ்எம்எஸ் படிக்கவும், அக்சஸிபிலிட்டி வழியாகத் திரையைப் பார்த்து இயக்கவும் அனுமதி கேட்கிற ஆப் உங்கள் வங்கி ஓடிபியைக் குறிவைத்து வருகிறது.

ஸ்டீமில் ஸ்கின் மாற்றுபவர்களுக்கு

ஸ்டீம் என்பது வால்வ் கம்பெனியின் கம்ப்யூட்டர் கேம் கடை. இங்கே தொகை பெரியது, ஏமாற்றும் நுணுக்கமானது. 2022இல் ஒருவரின் ஸ்டீம் கணக்கிலிருந்து ஏறக்குறைய 20 லட்சம் டாலர் மதிப்புள்ள ஸ்கின்கள் போயின.

டிஸ்கார்ட் என்கிற சாட் ஆப்பில் யாரோ வந்து "எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடுங்கள்", "உங்களைத் தெரியாமல் ரிப்போர்ட் செய்துவிட்டேன்" என்று ஆரம்பிப்பார்கள். கொடுக்கும் தளத்தில் ஸ்டீம் லாகின் ஜன்னல் ஒன்று திறக்கும், முகவரிகூடச் சரியாக இருக்கும். அது நிஜ ஜன்னல் இல்லை, பக்கத்துக்குள் வரைந்த படம். அதைப் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். நிஜம் என்றால் வெளியே வரும், போலி ஓரத்திலேயே நின்றுவிடும்.

அங்கே லாகின் செய்துவிட்டால் அவர்கள் உடனே எதையும் எடுக்க மாட்டார்கள். உங்கள் கணக்கில் ஒரு ஏபிஐ கீ (வெளியிலிருந்து புரோகிராம் மூலம் கணக்கை அணுக உதவும் சாவி) உருவாக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். நீங்கள் என்றாவது நிஜமான ஒருவருக்கு டிரேட் அனுப்பும்போது அதை ரத்து செய்துவிட்டு, அதே பெயர், அதே படம் உள்ள தங்கள் கணக்கிலிருந்து அதே மாதிரி ஒன்றை நுழைப்பார்கள். போனில் உறுதி செய்யும் முன் எதிராளியின் லெவலையும் ஸ்டீமில் சேர்ந்த தேதியையும் பாருங்கள், பெயரையும் படத்தையும் போல அவற்றை எளிதாக நகல் எடுக்க முடியாது. ஏபிஐ கீ பக்கத்தை இன்றே திறந்து பாருங்கள். நீங்கள் உருவாக்காத கீ அங்கே இருந்தால் முதலில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, பிறகு கீயை நீக்குங்கள்.

2025 ஜூலையிலிருந்து டிரேட் செய்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 பொருள்களை 7 நாளுக்குள் திருப்பி எடுக்க முடியும், திருப்பியவர் கணக்கு 30 நாள் டிரேட் செய்ய முடியாது. பறிகொடுத்தவருக்கு இது பெரிய வரம். வெளியே பணம் கொடுத்து ஸ்கின் வாங்கியவருக்கோ புதுத் தலைவலி, ஏனென்றால் விற்றவன் பணத்தையும் வாங்கிக்கொண்டு ஸ்கினையும் திருப்பிவிடலாம். 7 நாள் முடியாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஸ்டீமின் சொந்தச் சந்தையில் விற்றால் வாங்குபவர் கொடுப்பதில் ஏறக்குறைய 13 சதவீதம் கழியும், மீதி ஸ்டீம் வாலட்டிலேயே தங்கும், வங்கிக்கு எடுக்க முடியாது. ஆனால் வங்கிக் கணக்கு முடங்காது, போலீஸ் அழைக்காது. அடுத்த கேம் வாங்கத்தான் அந்தப் பணம் என்றால் அந்த வழியே போதும்.

தப்பு நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் வேறு எதையும் செய்யும் முன் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்கு முன் நிறுத்த முடிந்தால்தான் உண்டு, அதனால் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். அப்புறம் தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். ஐடி போயிருந்தால் வேறொரு நல்ல போனிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், கேம் பாஸ்வேர்டு அதற்குப் பிறகு. மெயில் அவர்கள் கையில் இருந்தால் மற்றதை மாற்றிப் பயன் இல்லை.

கணக்கு முடங்கியிருந்தால், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எந்தத் தேதியில் வந்த எவ்வளவு பணம் என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் அதற்கே இரண்டு வாரம் நடந்தோம், வாய்வார்த்தையை நம்பி. பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்து மற்றதை விடுவிக்கும்படி வங்கிக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் மனு கொடுங்கள். நீங்கள் ஐடி விற்றதற்கான சாட், விளம்பரம், பணம் வந்த ரசீது எல்லாவற்றையும் அதோடு இணையுங்கள். ஆகவே எந்த விற்பனையாக இருந்தாலும் முடிந்த கையோடு சாட்டை அழிக்காதீர்கள், டெலிகிராமில் எதிராளி இரண்டு பக்கமும் சேர்த்து அழித்துவிட முடியும் என்பதால் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "5,000 கொடுங்கள், கணக்கைத் திறந்து தருகிறேன்" என்று போனில் வருபவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் விளையாடும் வீடாக இருந்தால், திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் பையன் கணக்கு முடங்கியதை வீட்டில் சொல்லவே ஒன்பது நாள் ஆக்கினான்.