எஃப்.டி. ஆர்.எக்ஸ்.-7: பூஸ்ட்டைத் தொடும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

மஸ்டா 1991 கடைசியிலிருந்து 2002 வரை விற்ற எஃப்.டி.3எஸ். (சுருக்கமாக எஃப்.டி.) ஆர்.எக்ஸ்.-7 ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாக வாங்கிய எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை, பூஸ்ட்டை, அதாவது டர்போ என்ஜினுக்குள் ஊதும் காற்றின் அழுத்தத்தை, கூட்டும் ஒரு கன்ட்ரோலரை மாட்டிப் பவரை ஏற்றுவதுதான். மாட்டுவதற்கு ஒரு மதியம் போதும். ஆனால் இந்தக் காரில் அதுதான் கடைசி வேலை. வரிசையை மாற்றினால் என்ஜின் போகும்.

காரணம் இதன் 13பி-ஆர்.இ.டபிள்யூ. ரோட்டரி என்ஜின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை. 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1,308 சிசி, வரிசையாக வேலை செய்யும் இரட்டை டர்போ. ஜப்பான் மாடல்கள் முதலில் 255 பி.எஸ்., 1996இல் 265, 1999இல் 280 என்று வந்தன. பிஸ்டன் என்ஜின் லேசான நாக்கை, அதாவது பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பதை, கொஞ்ச நாளாவது பொறுத்துக்கொள்ளும். இங்கே பலமான நாக் ஒன்று வந்தாலே ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடையலாம். உடைந்த துண்டு ரோட்டரைச் சுற்றியிருக்கும் ஹவுசிங்கைக் கீறி, எக்ஸாஸ்ட் வழியே டர்போவின் டர்பைன் இறக்கையையும் அடித்துவிட்டுத்தான் வெளியே போகும். நாக்குக்கு வழி விடுபவை சூடும் பெட்ரோல் பற்றாக்குறையும். கீழே உள்ள வரிசை முழுக்க அந்த இரண்டையும் அடைப்பதற்கானது.

படி 1: கம்ப்ரஷன் பார்க்காமல் ஒரு பார்ட்டும் வாங்காதீர்கள்

சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இங்கே பயன்படாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண கேஜ் அவற்றில் நல்ல முகத்தின் அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர்தான் வேண்டும். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், பாட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்.

கிடைக்கும் அளவை 250 ஆர்.பி.எம்.முக்கு மாற்றிப் படிக்க வேண்டும். குறைந்தபட்சம் 6 கிலோ, அதாவது சதுர செ.மீ.க்கு. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5க்கு மேலும், இரண்டு ரோட்டருக்கும் இடையே 1.0க்கு மேலும் போகக் கூடாது. ஆறு ஆறரையில் நிற்கும் என்ஜினை ஸ்டாக்காக (கம்பெனி கொடுத்த அமைப்பிலேயே) மெதுவாக ஓட்டலாம், பூஸ்ட் ஏற்றக் கூடாது. சூடான என்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது. காலையில் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்து, கூலன்ட்டிலும் குமிழி தெரிந்தால் உள்ளே இருக்கும் வாட்டர் சீல் போயிருக்கிறது. இரண்டுக்கும் என்ஜினைப் பிரிப்பது தவிர வேறு வழியில்லை. ரேடியேட்டரில் ஊற்றும் லீக் ஸ்டாப்பர் எதையும் நம்பாதீர்கள்.

படி 2: மூன்று மீட்டர்

பூஸ்ட், தண்ணீர் சூடு, வைடுபேண்ட் ஏ.எஃப்.ஆர். (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்). இந்த மூன்றும் இல்லாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளை நம்ப வேண்டாம். அது நடுவில் வந்து நின்றுகொள்ளும். அசையத் தொடங்கும்போது தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். எண்ணில் காட்டும் மீட்டரே வேண்டும். சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி வரை சரி. 105ஐத் தொட்டால் காலை எடுங்கள், 110 என்றால் ஓரம் கட்டுங்கள். அதிகச் சூட்டில் அலுமினிய ஹவுசிங்கும் வார்ப்பிரும்புப் பக்கத் தகடுகளும் வேறு வேறு அளவுக்கு விரியும். நடுவில் நசுங்குவது வாட்டர் சீல்.

வைடுபேண்ட் சென்சாரை டர்போவுக்குப் பிறகு, புகையைச் சுத்தப்படுத்தும் மெயின் கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால், பைப்பின் மேல் பாதியில் சாய்வாக வையுங்கள். கீழ்ப்பக்கம் வைத்தால் பைப்பில் தேங்கும் ஈரம் சென்சாரைக் கெடுத்துவிடும்.

படி 3: கூலிங்

ஏர் செபரேட்டர் டாங்க் என்ற கறுப்பு பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிப்பது அதன் வேலை. வருடக்கணக்காகச் சூடு தின்றதில் அதன் ஒட்டுக்கோடு வெடிக்கும், அதுவும் நெடுஞ்சாலையில் போகும்போது. அலுமினியத்தில் ஒன்று வாங்கி மாற்றுங்கள். எஃப்.டி.க்குச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பலன் தரும் சின்ன பார்ட் இல்லை. ரேடியேட்டரின் பக்க டாங்கும் பிளாஸ்டிக்தான், அதையும் முழு அலுமினியத்துக்கு மாற்றலாம். ஸ்டாக் ஏற்பாட்டில் ஃபேன் ஓடத் தொடங்குவதே தாமதம். 95 டிகிரி சுற்றுவட்டத்தில் ஓடும்படி சுவிட்சையோ, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வின் அமைப்பையோ மாற்றுங்கள்.

கூலன்ட் நிரப்பும்போது காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஃபில்லரில் குமிழி நிற்கும்வரை மூட வேண்டாம். உள்ளே காற்று தங்கினால், மீட்டர் 90 காட்டும்போதே ஏதாவது ஒரு மூலை கொதித்துக்கொண்டிருக்கும்.

படி 4: வேக்யூம் ஹோஸ்

பொறுமை அதிகம் வேண்டிய இடம் இது. பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

4,500 ஆர்.பி.எம். வரை முதல் டர்போ மட்டும் ஊதும். அதன் பிறகு இரண்டாவதும் சேரும். இந்தக் கைமாற்றத்தை நடத்துவது, மேல் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சொலினாய்டுகள் (மின்சாரத்தில் வழி மாற்றும் வால்வுகள்), செக் வால்வுகள், பிரஷர் டாங்க், அவற்றைக் கோக்கும் எண்ணற்ற மெல்லிய ரப்பர் ஹோஸ்கள். ஆரோக்கியமான காரில் பூஸ்ட் முதலில் 10 பிஎஸ்ஐ காட்டும், 4,500இல் ஒரு கணம் 8க்கு இறங்கும், மறுபடி 10க்கு ஏறும். புது பூஸ்ட் மீட்டரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த 10-8-10. 4,500க்குப் பிறகு பூஸ்ட் விழுந்து எழவே இல்லையென்றால் இரண்டாவது டர்போ சேரவில்லை. தொடக்கத்திலேயே 10ஐத் தொடாமல் தவித்தால் எங்கோ காற்றுக் கசிவு.

பழைய ஹோஸ்கள் பிஸ்கட் போல நொறுங்கும். அவற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். சொலினாய்டின் பிளாஸ்டிக் மூக்கும் சேர்ந்து கையோடு வந்துவிடும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டை உரிப்பதுபோல உரித்தெடுங்கள். ஒன்றைக் கழற்றினால் அதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கழற்றும் முன் போட்டோ, கழற்றிய இடத்தில் எண் எழுதிய டேப். 4 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிக்கான் ஹோஸ் 15 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், 6 மி.மீ. கொஞ்சம். செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்: ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் அடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் போனால் மாற்றுங்கள். சொலினாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் டிக் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் மட்டும் போதாது, ஊதிப் பார்த்து வழி மாறுகிறதா என்றும் உறுதி செய்யுங்கள்.

மேனிஃபோல்ட் கழன்றிருக்கும்போதே ஃபியூயல் ரெயிலில் இருக்கும் பல்சேஷன் டேம்பரையும் பாருங்கள். வயதானால் இது பெட்ரோலைச் சூடான என்ஜின் மேலேயே கசியவிடும்; எஃப்.டி.க்கள் தீப்பிடித்ததற்கு நன்கு தெரிந்த காரணங்களில் இது ஒன்று. பெட்ரோல் வாடை லேசாக வந்தாலும் மாற்றுங்கள். பெட்ரோல் லைனுக்குச் சிலிக்கான் ஹோஸ் கூடவே கூடாது, பெட்ரோலை அது தாங்காது.

படி 5: பிளக், ஆயில்

ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே டிரெய்லிங். ஸ்டாக் அளவு என்.ஜி.கே. பி.யு.ஆர்.7இ.க்யூ. கீழே, பி.யு.ஆர்.9இ.க்யூ. மேலே. பூஸ்ட் ஏற்றப் போகிறவர்கள் நான்கிலுமே 9 போடுவது வழக்கம். என்ஜின் ஆறிய பிறகு, கையாலேயே திருகித் தொடங்குங்கள். ஹவுசிங் அலுமினியம், மரை போனால் வேலை பெரிதாகிவிடும். பிளக் வயர்களில் எண் எழுதுங்கள். லீடிங் வயரும் டிரெய்லிங் வயரும் இடம் மாறினால் தீப்பொறி தப்பான நேரத்தில் விழும், அதோடு பூஸ்ட்டில் ஒரு முறை போனால் போதும், என்ஜின் முடிந்தது.

ஏபெக்ஸ் சீலுக்கு ஆயில் கொடுக்க மீட்டரிங் பம்ப் இருக்கிறது. அது வேலை செய்தாலும், பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் ஆயில் சேர்ப்பது நல்லது. மொபெட்டுக்கு ஊற்றும் 2டி ஆயிலின் வகைதான், ஆனால் சுத்தமாக எரியும் தரத்தில் இருக்க வேண்டும். பம்ப் இருந்தால் 10 லிட்டருக்கு 40 மி.லி., பம்ப்பை நீக்கியிருந்தால் 80 மி.லி. முதலில் ஆயிலை ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் அடித்தால் தானாகக் கலந்துவிடும். என்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலப்பது ரோட்டரியின் சுபாவம், அதனால் 5,000 கி.மீ.க்கு மேல் அந்த ஆயிலை ஓட்டாதீர்கள்.

படி 6: எக்ஸாஸ்ட்டும் ஈ.சி.யு.வும் சேர்த்தே

டர்போவுக்கு அடுத்த பைப்பில் ஒரு முன்-கேட்டலிஸ்ட் உண்டு. காற்றை அடைப்பதும் என்ஜின் அறையை வறுப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டு நேர் டவுன்பைப் போட்டால் சூடு கண்கூடாகக் குறையும். மெயின் கேட்டலிஸ்ட்டைத் தொடாதீர்கள். ஜப்பானில் ஷாக்கென் என்ற கட்டாய வாகனச் சோதனையில் புகை அளவு பார்ப்பார்கள். சைலன்சர் சத்தமும் காரின் வருடத்துக்கு விதித்த அளவுக்குள் இருக்க வேண்டும். முன்-கேட்டலிஸ்ட் இல்லாத கார் எல்லா ஊர்ச் சட்டத்துக்கும் ஒத்துவராது, வாங்கும் முன் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள்.

எஃப்.டி.யில் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் கிடையாது. மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் ஆர்.பி.எம்.மையும் வைத்து ஈ.சி.யு. பெட்ரோலைக் கணக்கிடுகிறது. எக்ஸாஸ்ட் அடைப்பு குறைந்தால் அதே 10 பிஎஸ்ஐயிலேயே அதிகக் காற்று உள்ளே போகும். ஈ.சி.யு.வுக்கு அது தெரியாது, பழைய அளவு பெட்ரோலையே ஊற்றும். கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் போதாமல் போகும், பிறகு நாக். ஏர் ஃபில்டர், டவுன்பைப், பின் சைலன்சர் மூன்றையும் மாற்றிவிட்டு ஸ்டாக் ஈ.சி.யு.வோடு ஓட்டினால் சீல் உடைய அதுவே போதும்.

அடைப்பு விலகியதும் இன்னொரு தொல்லையும் வரும். எக்ஸாஸ்ட் வேகமாக ஓடும்போது சின்ன வேஸ்ட்கேட் துளையால் தேவையான அளவு வாயுவை டர்பைனைத் தொடாமல் திருப்பிவிட முடியாது. நீங்கள் 10 கேட்டால் மேல் ஆர்.பி.எம்.மில் 13, 14 என்று தானாக ஏறும். குளிர்நாளில் இன்னும் மோசம். இதைக் கன்ட்ரோலரில் சரிசெய்ய முடியாது; டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்க வேண்டும். பூஸ்ட் எல்லை தாண்டினால் பெட்ரோலை வெட்டும் பாதுகாப்பு ஸ்டாக் ஈ.சி.யு.வில் உண்டு. அதை ஏமாற்றும் டப்பாக்கள் விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

எஃப்.டி.க்குப் பழகிய தேர்வு அபெக்ஸி பவர் எஃப்.சி. என்ற மாற்று ஈ.சி.யு. ஸ்டாக் கனெக்டரிலேயே மாட்டலாம், அதற்கான கமாண்டர் திரையில் நாக், சூடு, இன்ஜெக்டர் ட்யூட்டி (பெட்ரோல் தெளிப்பான் திறந்திருக்கும் நேரத்தின் சதம்) எல்லாம் தெரியும். உள்ளே வரும் அடிப்படை மேப் ஜப்பானின் ஹை-ஆக்டேன் பெட்ரோலுக்கானது. உங்கள் ஊர் பெட்ரோல் அந்த அளவில் இல்லையென்றால் தீப்பொறி டைமிங்கைக் குறைக்காமல் பூஸ்ட்டில் போகக் கூடாது. பழைய ஃபியூயல் பம்ப்பையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

படி 7: இன்டர்கூலர்

டர்போ ஊதும் சூடான காற்றைக் குளிர வைக்கும் ஸ்டாக் இன்டர்கூலர் சின்னது. இரண்டு மூன்று முறை முழுதாக மிதித்தாலே அதுவே சூடேறிவிடும். அதே இடத்தில் பொருந்தும் பெரிய இன்டர்கூலர் தெருவில் ஓட்டுபவருக்குப் போதும், டக்ட்டில் இடைவெளி இல்லாமல் அடைத்தால்தான் பலன். பம்பருக்குப் பின்னால் முழு அகலத்துக்கு வைப்பது ரேடியேட்டரின் காற்றை மறிக்கும். இந்தக் காரில் அது தப்பான பேரம். டிராக்குக்குப் போகிறவர்களுக்கு வி-மவுண்ட், அதாவது இன்டர்கூலரையும் ரேடியேட்டரையும் V வடிவில் சாய்த்து வைப்பது.

படி 8: இப்போது பூஸ்ட்

பவரை அளக்கும் டைனோ மேடையில், ரோட்டரி தெரிந்த டியூனரிடம். முதல் ஓட்டம் ஸ்டாக் 0.7 பாரிலேயே. முழு பூஸ்ட்டில் ஏ.எஃப்.ஆர். 10.5இல் தொடங்கி 11.0 சுற்றி நிறுத்துங்கள். பிஸ்டன் கார்க்காரர்கள் 11.8, 12 என்று சொல்வார்கள், அது இங்கே செல்லாது. டிரெய்லிங் பிளக் லீடிங்குக்கு 12 முதல் 15 டிகிரி பின்னால் எரியட்டும். டைமிங்கை முன்னால் இழுத்து ஐந்து குதிரை சக்தி கூட்டுவது, அந்த நாக் அபாயத்துக்கு ஈடாகாது.

பிறகு 0.8, அதன் பிறகு 0.9. ஒவ்வொரு படியிலும் லாக் (ஓட்டத்தின் பதிவு) எடுத்து மூன்றைப் பாருங்கள்: பவர் எஃப்.சி.யின் நாக் எண் 60ஐத் தாண்டுகிறதா, இன்ஜெக்டர் ட்யூட்டி 85 சதத்துக்குள் இருக்கிறதா, பூஸ்ட் கேட்ட இடத்தில் நிற்கிறதா. ஸ்டாக் இன்ஜெக்டர்கள் பிரைமரி 550 சிசி, செகண்டரி 850 சிசி. 1.0 பாரை நெருங்கும்போது அவை மூச்சு வாங்கத் தொடங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய இன்ஜெக்டர், வேறு டர்போ, வேறு பட்ஜெட். ஸ்டாக் டர்போக்களோடு 0.9 பாரில் நிறுத்துவதே எங்கள் பரிந்துரை. 4,500க்கு முன்பே இழுக்கத் தொடங்கும் அந்த முதல் டர்போவின் சுறுசுறுப்பு, பெரிய ஒற்றை டர்போ போட்டால் திரும்பக் கிடைக்காது.

டியூன் முடிந்து 500 கி.மீ. ஓட்டியதும் ஆயிலை மாற்றுங்கள், டவுன்பைப் நட்டுகளை ஆறிய என்ஜினில் மறுபடி முறுக்குங்கள், சூட்டில் அவை தளர்ந்திருக்கும். பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் கறுப்பும் வெள்ளியுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது நாக்கின் தடம். பூஸ்ட்டை 0.7க்கு இறக்கிவிட்டு, லாக்கோடு டியூனரிடம் திரும்பப் போங்கள்.