‘பூச்சி இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

மலமும் இரத்தமும் சளியும் வந்து சேரும் மைக்ரோஸ்கோப் மேசையில் ஒட்டுண்ணிகளைத் தேடிப் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிற பயிற்சி மருத்துவர்களும் லேப் டெக்னீஷியன்களும் ஒவ்வொரு வருடமும் அதே ஐந்தாறு இடங்களில் வழுக்குகிறார்கள். எங்கள் செட்டும் வழுக்கிய இடங்கள்தான். கையைக் கழுவு, தண்ணீரைக் காய்ச்சு, செருப்புப் போடு என்பதெல்லாம் யாருக்கும் தெரியாததல்ல, அதனால் விட்டுவிடுகிறேன்.

மலேரியா: ஒரே ஸ்லைடோடு கைகழுவுவது

மலேரியா ஒட்டுண்ணியில் ஃபால்சிபாரம் வகை கொஞ்சம் முற்றியதும், அது குடியிருக்கும் சிவப்பணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து விரலில் குத்தி எடுத்த இரத்தத்தில் ஒன்றுமே தென்படாமல் போகலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறையாவது பாருங்கள். ‘ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வரணுமே, வரலையே’ என்று காத்திருப்பதும் தப்பு. முதல் சில நாட்கள் காய்ச்சல் எந்த ஒழுங்கிலும் அடிக்காது. இன்னொரு வகையான வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் கொடுத்ததோடு நிறுத்தினால், கல்லீரலில் உறங்குபவை சில மாதம் கழித்து எழுந்து வரும். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு பிரைமாகுயினையும் கொடுத்தால்தான் வேலை முடியும்.

ஸ்டீராய்டுக்கு முன்னால் கேட்காத கேள்வி

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் துணைக்கு.

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஸ்டெர்கொராலிஸ் என்று ஒரு புழு. பெண் புழு 2 மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். சிறுகுடலின் உள்சவ்வில் புதைந்து கிடந்து, ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்துவிடுவதால் மலத்தில் வருவது லார்வா. அது மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். கொக்கிப்புழுவும் ஏறக்குறைய இந்த வழியில்தான் வருகிறது. ஆனால் கொக்கிப்புழு சில வருடங்களில் தானாகச் செத்துத் தீர்ந்துவிடும், இது தீராது. சில லார்வாக்கள் வெளியே வராமலே முற்றி, குடல் சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து மறுபடி உள்ளே போய்விடும். இரண்டாம் சுற்றுக்கு மண்ணே தேவையில்லை.

வியட்நாமிலிருந்து திரும்பிய பிரெஞ்சுப் படைவீரர்களிடம் 1876-இல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட புழு இது. இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட போர்க்கைதிகள் சிலரின் உடம்பில், ஊர் திரும்பி 30, 40 வருடம் கழித்தும் இது உயிரோடு இருந்தது. ஆகவே நோயாளி இப்போது எங்கே வசிக்கிறார் என்று கேட்டுப் பயனில்லை. ஆயுளில் எப்போதாவது ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தாரா, அங்கே கழிப்பறை வசதி இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு இது பெரிதாகத் தொந்தரவு தராது. மேல்வயிற்றில் எரிச்சல், இடையிடையே பேதி, சிலருக்குப் பிட்டத்திலோ தொடையிலோ அரித்துக்கொண்டு ஓடும் ஒரு சிவந்த கோடு. அதன் முனையில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், கோடு சில சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவு வேகமாகத் தோலுக்கடியில் நகர்வது அநேகமாக இந்த லார்வாதான்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு உள்ளே போனதும் கதை மாறும். இரண்டாம் சுற்று கட்டுப்பாடில்லாமல் பெருகி, லார்வாக்கள் குடல் பாக்டீரியாக்களையும் சுமந்துகொண்டு நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும். இரத்தத்தில் ஈ.கோலையோ க்ளெப்சியெல்லாவோ வளரும், மூளைக்காய்ச்சல் வரும். வார்டில் பாக்டீரியாவுக்கு மருந்து மேல் மருந்தாக ஏறும், புழுவை யாரும் நினைக்க மாட்டார்கள். அப்படி விட்டால் பிழைப்பவர்கள் அரிது.

ஆஸ்துமா என்று சொல்லி ஸ்டீராய்டைக் கூட்டிக்கொண்டே போயிருந்த ஒரு பெரியவரின் சளி ஒருமுறை என் மேசைக்கு வந்தது. காசநோய்க் கிருமி இருக்கிறதா பார்க்கவும் என்பதைத் தவிரச் சீட்டில் ஒரு வரி இல்லை. சாயம் போடுவதற்கு முன் ஒரு துளியை அப்படியே ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். சாட்டை சொடுக்குவது மாதிரி லார்வாக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வார்டுக்கு போன் போட்டால், “சார், ஸ்டூல் ஒரு தடவை பாத்தாச்சு, நார்மல். இயோசினோஃபிலும் ஏறல” என்றார் அந்தத் தம்பி.

அவர் சொன்னது இரண்டுமே உண்மைதான். இரண்டாலும் பிரயோசனம் இல்லை. லார்வா மலத்தில் விட்டுவிட்டுத்தான் வரும், ஒரே சாம்பிளை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பிவிடும். புழு இருந்தால் கூடுகிற வெள்ளணுவான இயோசினோஃபிலின் எண்ணிக்கையையோ ஸ்டீராய்டே அடக்கிவிடுகிறது. அந்தப் பெரியவருக்கு மூச்சிரைப்பே நுரையீரலைக் கடக்கும் புழுவால் வந்திருக்கலாம். இரைப்புக்கு ஸ்டீராய்டு, ஸ்டீராய்டால் புழு, புழுவால் இன்னும் இரைப்பு என்று சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்டீராய்டைக் குறைத்து ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்தார்கள், பிழைத்தார். இதே மாதிரி வந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை, கேட்டால் அரை நிமிடம் ஆகியிருக்கும் ஒரு கேள்வி. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்காதது அதனால்தான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டோ உறுப்பு மாற்றோ புற்றுநோய் மருந்தோ தொடங்கும் முன் இந்தப் புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிரணு (ஆன்டிபாடி) இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். லேபில் வசதி இருந்தால் மலத்தை ஆகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டின் நடுவில் வைத்து இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். லார்வா ஊர்ந்த தடமெங்கும் பாக்டீரியா முளைத்து, வளைந்து வளைந்து ஒரு பாதை தெரியும் (கையுறை இல்லாமல் அந்தத் தட்டைத் தொடாதீர்கள், தோலைத் துளைக்கிற லார்வாவும் அதில் இருக்கும்). காத்திருக்க நேரமில்லை, ஆபத்து அதிகம் என்றால் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில் ஐவர்மெக்டினை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். மத்திய ஆப்பிரிக்காவில் இருந்தவரானால் மட்டும் முதலில் லோவா லோவா புழு இருக்கிறதா என்று பாருங்கள், அது இரத்தத்தில் நிறைய இருக்கும்போது இந்த மருந்து மூளையைப் பாதிக்கும். ‘பூச்சி மாத்திரை ஒண்ணு போட்டாச்சு’ என்று சொல்பவர்கள் சாதாரணமாகச் சொல்வது ஒற்றை வேளை ஆல்பெண்டசோலை. இந்தப் புழுவுக்கு அது போதாது. கோவிட் காலத்தில் டெக்ஸாமெத்தசோன் வாங்கியவர்களிலும் இப்படிப் புழு பெருகியவர்கள் உண்டு.

பன்றி இறைச்சி தொடாதவருக்கு மூளையில் புழு வராது என்று நம்புவது

வரும். சரியாக வேகாத பன்றி இறைச்சியால் வருவது குடலில் நாடாப்புழு. மூளையில் கட்டியாகி வலிப்பு உண்டாக்குவது, அந்த நாடாப்புழு உள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து கையிலோ தண்ணீரிலோ காய்கறியிலோ ஒட்டி வந்த முட்டை. முழுச் சைவக்காரருக்கும் வரும். கட்டியைப் பார்த்தவுடன் அவசரப்பட்டு ஆல்பெண்டசோலை மட்டும் எழுதிவிடாதீர்கள். புழு சாகும்போது சுற்றி வீங்கி வலிப்பு கூடும், அதனால் இங்கே ஸ்டீராய்டு கூடவே வேண்டும். (முன்பு சொன்ன கேள்வியையும் கேட்டுவிட்டு.)

யானைக்காலுக்குப் பகலில் ஸ்லைடு

பெரும்பாலான இடங்களில் இரவு 10 மணிக்கு மேல்தான் குட்டிப்புழு வெளி இரத்தத்துக்கு வரும்.

கல்லீரல் அமீபா கட்டிக்கு மலத்தில் அமீபா தேடுவது

பெரும்பாலும் கிடைக்காது. கட்டிக்கு மெட்ரோனிடசோல் முடிந்ததும், குடலில் ஒளிந்திருப்பதற்கு வேறு மருந்தும் கொடுங்கள்.

கீரிப்பூச்சிக்கு மலப் பரிசோதனை

காலையில், குளிக்கும் முன், ஆசனவாயில் செலோடேப் ஒட்டி எடுங்கள். மருந்து வீட்டில் எல்லாருக்கும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும்.

கிட்டில் கோடு தெரிந்தால் நோய் தீரவில்லை என்று முடிவுகட்டுவது

ஒரு துளி இரத்தத்தை விட்டுக் கோடு பார்க்கும் ஃபால்சிபாரம் கிட்டுகள் பல தேடுவது ஒட்டுண்ணியை அல்ல, அது விட்டுச்சென்ற புரதத்தை. குணமாகி வாரக்கணக்கில் அது இரத்தத்தில் தங்கும். காலா அசார் (மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணிக் காய்ச்சல்) கிட்டில் எதிரணு வருடக்கணக்கில் காட்டும். மருந்து வேலை செய்ததா என்று தெரிய மலேரியாவுக்கு ஸ்லைடைப் பாருங்கள். காலா அசார் திரும்பியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கு எலும்பு மஜ்ஜையிலோ மண்ணீரலிலோ ஊசி போட்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். கோட்டை மட்டும் பார்த்து இரண்டாம் முறை மருந்து எழுதிய சீட்டு ஒன்று இன்றைக்கும் மேசையில் கிடக்கிறது.