பூ இனிப்பு செய்கிறீர்களா? கெட்டுப்போகும் இடங்கள் இவை

அல்வாவோ மைசூர்பாகோ கிண்டும்போது சின்னக் குறைகளைச் சூடு மூடிவிடும். ஈரம் வற்றும், பச்சை வாசம் போகும். பேக்கிங் அவன் (oven) பக்கமே போகாமல் பூவை வைத்துச் செய்யும் இனிப்புக்கு அந்த வசதி கிடையாது. பூவில் இருப்பது அப்படியே நாக்குக்கு வந்துவிடும். அதனால் பாதித் தவறு சமையலறைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

முதலில் பூ எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் சரமாகத் தொங்கும் மல்லிகையும் ரோஜாவும் தலைக்கும் சாமிக்கும் வளர்த்தவை. தின்பதற்கு என்று யாரும் பூச்சிமருந்துக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். நன்றாகக் கழுவினால் போதுமே என்பார்கள். இதழுக்குள் இறங்கிய மருந்து கழுவினால் போகாது. பூக்கடை ஆர்க்கிட்டுக்கும் இதே கதைதான். சொந்தத் தொட்டிப் பூ நல்லது. ஆனால் டெங்கிக்காக அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிக் கொசுப்புகை அடித்திருந்தால், விரிந்திருக்கும் பூக்களை விட்டுவிட்டு அடுத்து வரும் மொட்டுகளுக்குக் காத்திருங்கள். பூங்காக்களில் பறிக்கவே கூடாது, அபராதம் உண்டு.

“சாமிக்குப் போடுகிற பூதானே” என்பதும் ஆபத்தான நியாயம். அரளி நஞ்சு, மஞ்சள் அரளி கடும் நஞ்சு. ஊமத்தை, செங்காந்தள், உண்ணிச்செடி, தொட்டியில் அப்பாவியாகப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி எதுவும் வேண்டாம். அழகுக்காகக்கூட இனிப்பின் மேல் வைக்காதீர்கள், குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். சங்குப்பூ, செம்பருத்தி, பன்னீர் ரோஜா, மல்லிகை இந்த நான்கிலேயே எவ்வளவோ செய்யலாம். செம்பருத்தியில் நடுத்தண்டையும் அடியில் உள்ள பச்சையையும் எடுத்துவிடுங்கள். ரோஜா இதழின் அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும், கிள்ளி எறியுங்கள். மல்லிகையைக் கொதிக்கவைத்தால் மணம் போய்க் கசப்புதான் மிஞ்சும். மாலையில் மொட்டாகப் பறித்துச் சர்க்கரை டப்பாவில் மூடி வைத்து, காலையில் பூவை எடுத்துவிட்டால் போதும்.

நம் ஊரில் அதிகம் கெடுவது சங்குப்பூ அகர் அகர்தான், அதாவது கடற்பாசிப் பொடியில் இறுகவைக்கும் இனிப்பு. நோன்யா குவே என்ற பெரானாக்கான் பலகாரத்தில் சங்குப்பூவின் நீலம் அவ்வளவு தெளிவாக வருவதைப் பார்த்து ஆசைப்பட்டுச் செய்தால், நமக்குச் சேற்று நிறம் வந்து நிற்கும். காரணம் பெரும்பாலும் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம். நீலத்தில் பழுப்பைக் கலந்தால் வேறென்ன வரும்? அந்தத் தட்டுக்கு வெள்ளைச் சர்க்கரை போடுங்கள், குலா மலாக்காவைத் தனியாகப் பாகு காய்ச்சி மேலே ஊற்றிக்கொள்ளலாம். பூவின் பச்சைக் காம்பைக் கிள்ளாமல் ஊறவைத்தால் புல் வாசம் வரும். எலுமிச்சை பட்டால் நீலம் ஊதாவாகும். அது வேண்டுமென்றால் செய்யலாம், ஆனால் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அகர் அகர் சரியாக இறுகாது.

பொடியைத் தண்ணீரில் கலந்து சும்மா சூடாக்கினால் போதாது, இரண்டு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் பொடி அளவாக இருக்கும். அடுக்கடுக்காக ஊற்றும்போதுதான் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது. கீழ் அடுக்கு முழுக்கக் குளிர்ந்து இறுகிய பிறகு ஊற்றினால் இரண்டும் ஒட்டாது, வெட்டும்போது தனித்தனியாக வழுக்கும். சீக்கிரம் ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும். விரலால் மெல்லத் தொட்டால் மேலே ஆடை கட்டியிருக்க வேண்டும், உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருக்க வேண்டும். அதுதான் நேரம். முழுப் பூவை உள்ளே வைப்பதானால், மெல்லிய அடுக்கில் ஒட்டவைத்துவிட்டு மேலே மீதியை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும்.

அகர் அகருக்குப் பதில் ஜெலட்டின் போட்டால் நம் வெக்கையில் மேசை மேலேயே இளகிவிடும். அது விலங்கிலிருந்து எடுப்பது என்பதால், சைவ விருந்தாளியும் முஸ்லிம் நண்பரும் வருகிற வீட்டில் வேறு சிக்கலும் உண்டு.

குல்கந்து, தேங்காய் லட்டு வகையில் எதிரி ஈரம். கழுவிய ரோஜா இதழைத் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் நன்றாக உலர்த்தாமல் சர்க்கரையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். எடைக்கு எடை சர்க்கரை வேண்டும், இனிப்பைக் குறைக்கிறேன் என்று கையை இழுக்காதீர்கள். பாட்டி வெயிலில் வைத்தார் என்பதற்காகத் தீபாவளி நெருக்கத்தில் ஜன்னலோரம் பாட்டிலை வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டாம், மத்தியான மழை கேட்காமல் வரும். அப்புறம் லட்டு. சந்தையில் துருவி வாங்கிய தேங்காயை வதக்காமல் கண்டென்ஸ்டு பாலில் பிசைந்தால் அன்று மாலையே புளிக்கத் தொடங்கலாம். உலர் தேங்காய்த்துருவல்தான் சரி.

மேலே வைக்கும் பூவைப் பரிமாறும்போதுதான் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்து ஃபிரிட்ஜில் மூடினால் வாடிச் சாயம் கசியும். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், உள்ளே என்ன பூ என்று தட்டை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள்.