நேரமில்லாத மேனேஜர் டீமை நடத்தும்போது செய்யும் தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் காலை எப்படி விடியும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கும் லைன் ஓட ஆரம்பிக்கும்போதே, டையிங்கிலிருந்து துணி வரவில்லை என்று ஒரு போன் வரும். பையர் லேபிளை மாற்றச் சொல்கிறார் என்று, அவரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வந்து நிற்பார். பிரிண்டிங்குக்குப் போன துணிக்கட்டு இன்னும் திரும்பியிருக்காது. இதற்கு நடுவில் ஐம்பது அறுபது பேரை நடத்தவும் வேண்டும். இப்படிப்பட்டவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அவசரத்தில் பிறக்கின்றன. அந்த நேரத்துக்கு அதுதான் வேகமான வழி என்று தோன்றும். எந்தத் தொழிலில் டீமை நடத்துகிறவருக்கும் இது பொருந்தும் என்றாலும், தையல் தளத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது.

எல்லா முடிவும் தன்னிடம் வந்துதான் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வது முதல் தவறு. தையல் நூலின் நிறம் துணியோடு முழுசாக ஒத்துப்போகவில்லை, ஓட்டலாமா, நிறுத்தலாமா? லைன் சூப்பர்வைசருக்குப் பதில் தெரியும். ஆனால் போன தடவை தானாக முடிவெடுத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் உங்களுக்குப் போன் போடுகிறார். நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். 40 பேர் உட்கார்ந்திருக்கும் லைன் 20 நிமிடம் நின்றால் 800 நிமிட உழைப்பு போயிற்று. அதாவது 13 மணி நேரத்துக்கும் மேல். உங்கள் போன் சைலன்ட்டில் இருந்ததற்கான விலை அது.

அப்ரூவ் ஆன சாம்பிளையும் அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற சார்ட்டையும் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிடுங்கள். “இதற்குள் இருந்தால் நீங்களே ஓட்டுங்க. மீறினால் அந்த ஆபரேஷனை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டால் பாதிப் போன் குறையும். அந்த எல்லைக்குள் அவர் எடுத்த முடிவு பிசகினாலும் அவரைத் திட்டக் கூடாது. எல்லையை எங்கே மாற்ற வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒருமுறை திட்டினால் போதும், மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடி உங்கள் போனுக்கே வரும். இன்னொரு பக்கம், ஒப்படைத்ததோடு மறந்துவிடுகிறவர்களும் உண்டு. புது ஸ்டைல் லைனில் ஏறும்போது முதலில் வெளியே வரும் சில பீஸ்களையாவது நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை இருப்பதிலேயே மோசமானது: கெட்ட செய்தி சொல்கிறவரின் வாயை அடைப்பது. லைனில் தினமும் நடக்கும் பேச்சு இது (நெக் ரிப் என்பது கழுத்துப் பட்டை).

“சார், நெக் ரிப் கொஞ்சம் அலையா வருதுங்க.”

“அதெல்லாம் அயர்னிங்ல சரியாயிடும். நீங்க டார்கெட்டைப் பாருங்க.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் சொல்ல மாட்டார். மணிக்கொருமுறை போர்டில் எழுதும் எண்ணிக்கை அழகாக ஏறும். ஆல்டர் பீஸ்கள், அதாவது திருத்த வேண்டியவை, டேபிளுக்கு அடியில் சேரும். விஷயம் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில்தான் வெளியே வரும். பின்னலாடையில் பல பையர்கள் எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் 2.5 என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். வழக்கமான இன்ஸ்பெக்‌ஷன் லெவலில், 3,000 பீஸ் கொண்ட ஆர்டரில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 7 வரை இருந்தால் பாஸ், 8 ஆனால் ஃபெயில். ஃபெயிலானால் பேக் செய்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மொத்தத்தையும் திரும்பச் செக் செய்ய வேண்டும். அதற்குள் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால், சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு பெரும்பாலும் கம்பெனி தலையில்தான் விழும். முதல் நாள் ரிப் அலையாக வந்தபோதே மெஷினில் டென்ஷனை, அதாவது இழுவையை, சரிபார்த்திருந்தால் அரைமணி நேர வேலையோடு போயிருக்கும்.

ஆகவே தினமும் காலையில் சூப்பர்வைசர்களை நின்றபடியே பத்து நிமிடம் பாருங்கள். எத்தனை பீஸ் என்று ஆரம்பிக்காமல், “இன்றைக்கு எது இடிக்குது?” என்று கேளுங்கள். முதல் சில நாள் “ஒன்னுமில்லைங்க சார்” என்றுதான் பதில் வரும். யாராவது ஒருவர் துணிந்து உண்மையைச் சொல்லும் நாளில் நீங்கள் முகம் சுளிக்காமல் இருந்தால், மற்றவர்களும் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதோடு, போர்டில் உற்பத்திக்குப் பக்கத்தில் ஆல்டர் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

வேலையை அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போவதும் அவசரக்காரர்களின் பழக்கம். “நல்லா பண்ணுங்க, சீக்கிரம் முடிங்க” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். எது நல்லது, எந்த மணிக்குள் சீக்கிரம்? இன்று திருப்பூர் லைன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். தமிழில் வேகமாகச் சொன்னதற்கு அவர்கள் தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை. சரியான பீஸ் ஒன்றையும் தப்பான பீஸ் ஒன்றையும் லைனில் தொங்கவிடுங்கள். செய்யச் சொன்னதை அவர்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சூப்பர்வைசரைத் தாண்டி நேராக டெய்லரிடம் போய் வேலையை மாற்றுவது, லைன் நடுவில் வைத்து அவரையே சத்தம் போடுவது ஆகிய இரண்டையும் அறவே விட்டுவிட வேண்டும். அப்புறம் அவர் சொல்லை யார் கேட்பார்கள்?

திறமையானவர் மேலேயே எல்லாவற்றையும் ஏற்றுவது கண்ணுக்குத் தெரியாத தவறு. ஃபிளாட்லாக் தையல் மெஷினில் கை சுத்தமாக இருக்கும் அந்த அக்காவுக்குத்தான் ஒவ்வொரு அவசர ஸ்டைலும் போகும், ஒன்றரை ஷிஃப்ட்டும் அவருக்கேதான். நன்றாக வேலை செய்ததற்குக் கிடைத்த பரிசு, இன்னும் வேலை. தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் திரும்பி வராதபோதுதான், அந்த வேலை தெரிந்த இரண்டாவது ஆள் நம்மிடம் இல்லை என்பது உறைக்கும். ஆர்டர் குறைவாக இருக்கும் மாதத்திலேயே பக்கத்து மெஷின்காரருக்கு அதைப் பழக்குங்கள். சொல்லிக் கொடுக்கும் அக்காவுக்கு அதற்கென்று பணமும் கொடுங்கள். பெயர் சொல்லி நாலு பேர் முன்னால் பாராட்டவும் செய்யுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையென்றால், ஒரு வாரம் தளத்திலிருந்து உங்களுக்கு வரும் ஒவ்வொரு போனையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: யார் கேட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள். சனிக்கிழமை அதைப் புரட்டினால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அப்படி அதிகம் வந்த மூன்று கேள்விகளுக்கான பதிலைத் திங்கட்கிழமை சூப்பர்வைசர்களிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.