டம்ப்ளரிலிருந்து எடுத்த பித்தளை மணிகளில் ஸ்டீல் பின்களைப் பிரிப்பது எப்படி?

டம்ப்ளரில் (குடிக்கிற டம்ளர் இல்லை, போட்டதைச் சுழற்றி மெருகேற்றும் மெஷின்) நகை கோக்கும் பித்தளை மணி, தண்ணீர், ஸ்டீல் பின் (தேய்த்துப் பளபளப்பாக்கும் சின்னச் சின்னக் கம்பித் துண்டு), இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் போட்டு ஓட்டுவதுவரை உங்களுக்குத் தெரியும். மணி தங்கம் மாதிரி வந்துவிடும். அதற்கப்புறம் பின்னைப் பிரிப்பதுதான் பெரிய வேலை. வெளிநாடுகளில் சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை இப்படித்தான் கழுவுகிறார்கள். அவர்களுக்கும் இதே பாடுதான்.

முதலில், அழுக்குத் தண்ணீரை சிங்க்கில் கொட்டாதீர்கள். பக்கெட்டின் மேல் துணி கட்டி அதில் ஊற்றுங்கள். பின் குழாய்க்குள் போனால் எடுக்க முடியாது.

அடுத்து, அகலமான பேசினில் தண்ணீரை நிரப்பி, பெரிய கண் உள்ள பிளாஸ்டிக் கூடையில் மணிகளைப் போட்டு முழுக்க முக்குங்கள். ஈரத்தோடு வெறும் சல்லடையில் சலித்தால் பின்கள் மணியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிந்து விழாது. நான் அப்படி அரை மணி நேரம் போராடியிருக்கிறேன். தண்ணீருக்குள் அந்த ஒட்டுதல் கிடையாது. அரிசியில் கல் அரிப்பது போல மெதுவாக அசைத்துப் புரட்டுங்கள். பின்கள் தானாக அடியில் இறங்கும்.

இனிதான் என்னைப் படுத்திய இடம். ஒரு மாலை கோக்கும்போது நடுவில் ஒரு குழாய் மணியில் கம்பி நுழையவே இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், உள்ளே இரண்டு பின்கள் அருகருகே இறுகி நிற்கின்றன. மணியின் துளை 1 மி.மீ., பின் 0.5 மி.மீ. இரண்டு சேர்ந்தால் துளை அடைந்துவிடும் அல்லவா? ஊசியால் குத்தினேன், கூர்முனை நடுவில் புகுந்து இன்னும் இறுக்கியது. மொட்டை முனைக் கம்பியை மறுபக்கத்திலிருந்து நேராகத் தள்ளினால் வந்துவிடும்.

ஆனால் பின்னை மாற்றுவதே நல்லது. குழாய் மணிக்குத் துளையைவிடத் தடித்த 1.2 மி.மீ. பின் போடுங்கள். உள்ளே போகாது, சிக்காது. மணியின் உள்பக்கம் பளபளக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஜிமிக்கியின் நுணுக்க வேலைப்பாட்டுக்கு மட்டும் மெல்லிய பின்.

பேசினில் தங்கிய பின்களுக்குக் காந்தம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது என்பார்கள். ஆனால் கம்பியாக இழுத்துச் செய்த இந்தப் பின்கள் லேசாக ஒட்டும். ஸ்பீக்கர் காந்தம் போதாது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய ஹார்ட் டிஸ்க் கிடைத்தால் அதன் காந்தத்தைக் கழற்றிக்கொள்ளுங்கள், எனக்கு அதில்தான் பின்கள் ஒட்டின. பாலிதீன் கவருக்குள் வைத்துத் துழாவுங்கள். பிறகு டப்பாவின் மேல் பிடித்துக் காந்தத்தை உருவினால் பின்கள் பொலபொலவென்று உதிரும்.

கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். எங்கள் வேளச்சேரி போர் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும். உடனே துடைத்து ஃபேனடியில் பரப்புங்கள்.

பிற்சேர்க்கை: சலங்கை முத்து (கீறல் விட்ட குட்டி உருண்டை மணி) தொங்கும் ஜிமிக்கியையும் டம்ப்ளரில் போடலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வேண்டாம். கீறல் வழியாக உள்ளே போன பின் லேசில் வெளியே வராது. பிறகு எப்போதாவது நழுவிக் காதில் குத்தும். முத்தைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், முத்தைத் தனியாகப் புளி போட்டுத் தேய்த்தால் போதும்.