ஆஃப்-ரோடு ட்ரக் கட்டுவதற்கு வீட்டிலேயே பட்டறை அமைக்கும் முறை

கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்காகப் பிக்கப் ட்ரக் ஒன்றை எடுத்து, சஸ்பென்ஷனை (சக்கரங்களையும் வண்டியையும் இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பை) உயர்த்தி, பெரிய டயர்களை மாட்டி, பம்பரையும் வின்ச் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் இயந்திரம்) தாங்கியையும் தம் கையாலேயே செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் உதிரிபாகங்களைத்தான் முதலில் வாங்குகிறார்கள். வேலை நடக்க நடக்கப் பட்டறை தானாக அமைந்துவிடும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். கருவிகளைப் பொறுத்தவரை அந்த எண்ணம் ஓரளவு சரிதான். தரை, ஒயரிங், வெளிச்சம் ஆகியவை அப்படி அமைவதில்லை. ஆக்சிலும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சும்) சக்கரங்களும் கழற்றப்பட்ட வண்டி, தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும்போது அதன் கீழுள்ள தரையைச் சரிசெய்யவும் முடியாது, வண்டியை வெளியே தள்ளவும் முடியாது. ஆகவே, பின்னால் மாற்ற முடியாதவற்றை முதலிலும், எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளக் கூடியவற்றைப் பின்னரும் வைத்து இந்த விளக்கத்தை எழுதியிருக்கிறேன்.

படி 1: இடத்தை அளத்தல்

இரட்டைக் கேபின் கொண்ட நடுத்தர பிக்கப் ஒன்றின் நீளம் ஏறக்குறைய 5.3 மீட்டர், அகலம் ஏறக்குறைய 1.85 மீட்டர். இந்த அளவைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, இரு பக்கமும் குறைந்தது 1 மீட்டரும், இஞ்சினைத் தூக்கும் கிரேன் நுழைவதற்காக முன்புறம் 2 மீட்டரும், பின்புறம் 1 மீட்டரும் சேர்த்துப் பாருங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரை முழு வீச்சில் திருப்ப அந்த 1 மீட்டர் தேவைப்படும்.

உயரத்தைக் கணக்கிடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். டயரின் விட்டம் 30 அங்குலத்திலிருந்து 35 அங்குலமானால் வண்டி உயர்வது 5 அங்குலம் அன்று, அதில் பாதியான 2.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 65 மி.மீ. மட்டுமே. சஸ்பென்ஷனில் 100 மி.மீ. உயர்த்தினால் மொத்தம் 165 மி.மீ. ஆகிறது. முதலில் 1.8 மீட்டர் உயரமிருந்த வண்டி இப்போது 2 மீட்டரைத் தொட்டுவிடும். ஷட்டரின் திறப்பு 2.1 மீட்டர் என்றால் வண்டி நுழையும். கூரையில் கேரியர் பொருத்திய பிறகு நுழையாது. கட்டி முடித்த வண்டி வெளியே வர முடியுமா என்பதை வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அளந்து உறுதிசெய்வது நல்லது.

கழற்றிய பாகங்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். பின்பெட்டி, பம்பர்கள், இருக்கைகள், பழைய கமான் பட்டைகள், புதிய டயர்கள் எல்லாம் சேர்ந்து, வண்டி நிற்கும் பரப்புக்கு நிகரான பரப்பைக் கேட்கும். சுவரில் அழுத்தமான இரும்பு அலமாரிகளை அமைத்து, கனமானவற்றை இடுப்புயரத்துக்குக் கீழேயே வையுங்கள்.

படி 2: தரை

சமமான, வெடிப்பில்லாத, ஏறக்குறைய 100 மி.மீ. தடிமனுள்ள கான்கிரீட் தரை போதுமானது. மண், ஓடு, தார் ஆகியவற்றால் ஆன தரைகள் ஸ்டாண்டின் குறுகிய கால்களைத் தாங்குவதில்லை. வெயிலில் இளகும் தாரில் அவை மெல்ல மெல்லப் புதைந்து வண்டியைச் சாய்த்துவிடும். வேறு வழியில்லாதபோது, ஒவ்வொரு ஸ்டாண்டின் கீழும் அதன் அடிப்பாகத்தைவிட அகலமான, தடித்த இரும்புத் தகட்டை இட வேண்டும்.

தரையில் குழி வெட்டிக்கொண்டால் வண்டியின் அடியில் நின்று வேலை செய்யலாமே என்ற யோசனை பலருக்கும் வருகிறது. வீட்டுப் பட்டறையில் அதைத் தவிர்க்கவே நான் சொல்வேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவிக் குழிக்குள் இறங்கித் தேங்கும். அங்கே ஒரு பொறி விழுந்தால் உள்ளே நிற்பவர் வெளியேற நேரம் கிடைக்காது. இரண்டு தூண் கொண்ட லிஃப்ட் வசதியானதுதான். ஆனால் அதற்குப் பொதுவாக 3.5 மீட்டர் அளவுக்குக் கூரை உயரமும், தயாரிப்பாளர் குறிப்பிடும் வலுவுள்ள கான்கிரீட்டும் தேவை என்பதால், முதல் வண்டிக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

படி 3: மின்சாரம், வெளிச்சம், காற்றோட்டம்

வெல்டிங் இயந்திரத்துக்கு ஒரு சர்க்யூட், கம்ப்ரஸருக்கு ஒன்று, விளக்குகளுக்கும் சிறு கருவிகளுக்கும் ஒன்று என மூன்றைத் தனித்தனியாக இழுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் தொட்டியில் அழுத்தம் குறைந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும். தொடங்கும் கணத்தில் அதன் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுக்கும். அதே சர்க்யூட்டில் நீங்கள் வெல்டிங் செய்துகொண்டிருந்தால் பிரேக்கர் விழுந்து, வேலையும் பாதியில் நிற்கும், விளக்கும் அணையும். சுழலும் கிரைண்டரைக் கையில் வைத்திருப்பவர் இருட்டில் நிற்கும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே விளக்குகளுக்குத் தனிச் சர்க்யூட்.

எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் கட்டாயம் வேண்டும். ஒயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே ஒப்படையுங்கள். பிளக் பாயிண்டுகளை வேலை மேசையின் மட்டத்துக்கு மேலே வைத்தால் சிந்தும் எண்ணெயும் கழுவும் நீரும் அவற்றை அணுகாது. எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருளாக வைத்தபடியே கனமான கருவியை ஓட்டினால் உள்ளே வெப்பம் சேர்ந்து அதன் உறை உருகும். முழுவதும் பிரித்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

கூரையில் மட்டும் எத்தனை விளக்குகளைப் பொருத்தினாலும், திறந்த பானட்டும் வண்டியின் உடலும் நிழலை வீழ்த்தி வேலை நடக்கும் இடத்தை மறைத்துவிடும். பக்கச் சுவர்களில் தோளுயரத்தில் எல்.இ.டி. குழல் விளக்குகளைப் பொருத்தினால் சக்கர வளைவுக்குள்ளும் வெளிச்சம் விழும். வண்டியின் அடியில் பயன்படுத்த, சார்ஜ் செய்யக்கூடிய கைவிளக்கு ஒன்று வேண்டும். பழைய இழைபல்பு விளக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். சூடான கண்ணாடியில் ஒரு துளி பெட்ரோல் பட்டால்கூட அது வெடித்துத் தீப்பற்றலாம்.

ஓடும் இஞ்சின் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ஷட்டரைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்று எண்ணாமல், இஞ்சினை ஓட்டிப் பார்க்க வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். பட்டறை வீட்டோடு ஒட்டியிருந்தால் அந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் ஒன்றை வீட்டுக்குள்ளும் பொருத்த வேண்டும்.

படி 4: வண்டியைத் தாங்கும் சாதனங்கள்

முழுப் பட்டறையிலும் விலையைப் பார்க்காமல் வாங்க வேண்டியவை இவைதான். 3 டன் திறனுள்ள, சக்கரங்களில் நகரும் தள்ளு ஜாக்கி ஒன்றும், நான்கு ஸ்டாண்டுகளும், சக்கரங்களுக்கு வைக்கும் கட்டைகளும் தேவை. ஸ்டாண்டின் மேல் அச்சிடப்பட்டுள்ள திறன் பல சமயங்களில் ஒரு ஜோடிக்கு உரியது என்பதைக் கவனித்து வாங்குங்கள். 2 டன் எடையுள்ள வண்டிக்கு 6 டன் ஸ்டாண்டு மிகை என்று தோன்றலாம். அதைப் பரிந்துரைப்பதற்கு எடை மட்டும் காரணமன்று. அதன் அடிப்பாகம் அகலமாகவும், உயரம் அதிகமாகவும் இருக்கும். உயர்த்தப்பட்ட வண்டியின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சாதாரண கார் ஸ்டாண்டு எட்டாது. எட்டச்செய்வதற்காக அதன்மேல் மரத்துண்டுகளை அடுக்குவது ஆபத்தானது.

ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் கையை நீட்டக்கூடக் கூடாது, ஏனெனில் அதன் உள்ளே உள்ள ரப்பர் சீல் ஒன்று விட்டுப்போனாலே வண்டி இறங்கிவிடும். செங்கல்லும் கான்கிரீட் பிளாக்கும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். அவற்றைத் தாங்கியாகப் பயன்படுத்தவே வேண்டாம். பாதையில் சிக்கிய வண்டியை மீட்கப் பயன்படும் உயரமான பண்ணை ஜாக்கிக்கும் பட்டறைக்குள் வேலையில்லை.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் தனியாக அறிந்திருக்க வேண்டிய ஓர் ஆபத்து உண்டு. கைப்பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்புறத்தைத் தூக்கிவிட்டால் தரையில் நிற்பவை முன்சக்கரங்கள். அவற்றைத் தடுக்க எதுவுமில்லை. வண்டியை கியரில் விட்டிருக்கிறோம் என்ற துணிவும் உதவாது. ஒரே ஆக்சிலின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதியே டிஃப்ரன்ஷியல். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக் இல்லாத டிஃப்ரன்ஷியலில் தூக்கிய சக்கரம் தாராளமாகச் சுழலும் என்பதால், தரையிலுள்ள சக்கரம் உருள அது வழிவிடும். கியர்பெட்டியின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர்பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இருக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியின் பார்க் நிலையும் அப்போது பயன்படாது. ஆகவே, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும்.

சஸ்பென்ஷன் வேலைக்கு ஸ்டாண்டுகளைச் சேஸிஸின் கீழும், பிரேக் போன்ற வேலைகளுக்கு ஆக்சிலின் கீழும் வைக்கலாம். வைத்த பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரங்களைச் சேஸிஸுக்குக் கீழே படுக்கவைத்தால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும். இஞ்சின் கிரேனின் கையை நீட்ட நீட்ட அதன் திறன் குறையும். ஒவ்வொரு நீளத்துக்குமான எடை கையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வீட்டுக் கூரையின் உத்தரத்தில் செயின் பிளாக்கைக் கட்டி இஞ்சினைத் தூக்க முயல வேண்டாம்.

படி 5: மேசையும் கைக்கருவிகளும்

வேலை மேசை ஏறக்குறைய 900 மி.மீ. உயரத்தில், அசையாமல் இருக்க வேண்டும். 125 முதல் 150 மி.மீ. தாடையுள்ள வைஸை (பாகங்களை இறுகப் பிடிக்கும் பிடிகருவியை) மேசையின் காலுக்கு நேர் மேலே போல்ட் செய்யுங்கள். நடுவில் பொருத்தினால் சுத்தியலின் அடியைப் பலகை வாங்கும், வைஸில் பிடித்த பாகம் வாங்காது.

தொடக்கத்துக்கு அரை அங்குல டிரைவில் 8 முதல் 32 மி.மீ. வரையிலான அறுகோணச் சாக்கெட்டுகள், இறுகிய நட்டுகளைத் தளர்த்தும் நீண்ட கைப்பிடியான பிரேக்கர் பார், அதே அளவுகளில் ஸ்பேனர்கள், பந்து மூட்டைப் பிரிக்கும் புல்லர், துருவில் ஊடுருவும் எண்ணெய் ஆகியவை போதும். பன்னிரு முனைச் சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடும் என்பதால் அறுகோணத்தையே தேர்ந்தெடுங்கள். சில வண்டிகள் சிறப்பு அளவைக் கேட்கும். எடுத்துக்காட்டாக, டொயோட்டாவின் பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் ஹப் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும். உளியை வைத்துத் தட்டி அதைத் திருப்புகிறவர்கள் உண்டு. அந்த நட்டில் விழுந்த வடுக்களே பின்னால் வருபவருக்கு அதைச் சொல்லிவிடும்.

குறிப்பிட்ட முறுக்கு விசை (டார்க்) அளவுக்கு நட்டை இறுக்க உதவும் டார்க் ரென்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ரப்பர் புஷ் (மூட்டில் அதிர்வை வாங்கும் ரப்பர் உறை) உள்ள சஸ்பென்ஷன் போல்ட்டுகளை, சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுதியாக முறுக்கக்கூடாது. அப்படி முறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகியபடியே நின்று, சீக்கிரத்தில் கிழிந்துவிடும். தொங்கும்போது லேசாக மாட்டி, வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகு குறிப்பிட்ட டார்க்குக்கு முறுக்க வேண்டும்.

கம்ப்ரஸரை உடனே வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பேட்டரியில் ஓடும், தட்டித் தட்டி நட்டைத் திருப்பும் இம்பாக்ட் ரென்ச் முதல் வண்டிக்குத் தாராளமாகப் போதும். பின்னர் கம்ப்ரஸர் வாங்கினால் காற்றுக்குழாயாக பி.வி.சி. குழாயைப் பயன்படுத்தாதீர்கள், அது அழுத்தத்தில் கூரிய சில்லுகளாக வெடிக்கும்.

படி 6: வெல்டிங்குக்கும் கிரைண்டிங்குக்கும் தனி மூலை

கிரைண்டரின் இரும்புத்தூள் பேரிங்கிலோ டிஃப்ரன்ஷியலிலோ புகுந்தால் அது அரைக்கும் பொடியாகவே வேலை செய்யும். எனவே, பொறி பறக்கும் மூலையும் கியர் பிரிக்கும் மூலையும் எதிரெதிர் முனைகளில் இருக்கட்டும். அந்தப் பொறிகள் கண்ணாடியிலும் உருகி ஒட்டிக்கொள்ளும். முன்கண்ணாடியைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். டிஸ்க்கில் எழுதப்பட்டுள்ள வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதை மாட்டக்கூடாது. காப்புத் தகட்டையும் கழற்றக்கூடாது.

சேஸிஸ் இரும்பு பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ளது, ஏறக்குறைய 200 ஆம்பியர் மிக் (கம்பியைத் தானாக ஊட்டும் வகை) வெல்டிங் இயந்திரம் அதற்கு ஏற்றது. வண்டியில் வெல்டிங் செய்யும்முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு மிக அருகில் பிடிக்க வேண்டும். தொலைவில் பிடித்தால் மின்னோட்டம் பேரிங்குகளின் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். பெட்ரோல் தொட்டி அருகில் இருந்தால் அதைக் கழற்றி வெளியே வையுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டில் பூச்சை முதலில் தேய்த்தெடுக்க வேண்டும். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். எல்லாவற்றிலும் கொடியது, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் செய்வது: வெல்டிங்கின் மின்வில்லிலிருந்து வரும் வெப்பத்திலும் ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற உயிர்கொல்லி வாயுவாக மாறக்கூடும். அத்தகைய கிளீனரை அந்த மூலைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

வெல்டிங் புதிதாகக் கற்பவர் பம்பர், கேரியர் போன்றவற்றில் பழகட்டும். ஒரே தடிமனுள்ள இரு துண்டுகளை ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். ஒட்டு தகட்டைவிட முந்திப் பிரிந்தால் நீங்கள் இன்னும் சேஸிஸைத் தொடும் நிலையில் இல்லை. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் தாங்கிகளை அனுபவமுள்ள வெல்டரிடம் விடுவதே முறை.

படி 7: தீயும் கழிவும்

ஏபிசி வகை உலர்தூள் தீயணைப்பானை வாசலுக்கு அருகில் மாட்டுங்கள். தீ எரியும் மூலையைக் கடந்து போய் அதை எடுக்க நேரக்கூடாது. வெல்டிங் முடிந்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே இருந்து கவனிக்க வேண்டும். எண்ணெய்த் துணிகளுக்கு மூடியுள்ள இரும்புத் தொட்டி வேண்டும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நச்சும்கூட. குழந்தைகளும் விலங்குகளும் நக்கிவிடாதபடி சிந்தியதை உடனே துடைத்து, கழிவு ஆயிலோடு கலக்காமல் தனிக் கேனில் அடைக்க வேண்டும்.

படி 8: முதல் போல்ட்டைக் கழற்றும் முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயர்களில் சரியான காற்றழுத்தம் வைத்து, நான்கு சக்கரங்களிலும் ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரையிலான உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கும் நிலையையும், பிரேக் குழாய்களும் ஒயர்களும் செல்லும் வழியையும் புகைப்படம் எடுங்கள். சஸ்பென்ஷன் எவ்வளவு உயர்ந்தது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, பிரேக் குழாய்க்கு எவ்வளவு கூடுதல் நீளம் வேண்டும் என்பவற்றையெல்லாம் பின்னர் இந்த எண்களைக் கொண்டுதான் கணக்கிட முடியும். வண்டியைப் பிரித்த பிறகு இவற்றை எங்கும் பெற முடியாது என்பதால், தாளில் எழுதியதன் நகல் ஒன்றைச் சுவரிலும் ஒட்டிவிட்டு, பிறகு சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.