பழைய கைத்துப்பாக்கியின் நீலம் அசலா, பிற்பாடு ஏற்றியதா?

கொழிஞ்சாம்பாறையில் பித்தளை விளக்குக்கும் வண்டி பம்பருக்கும் மெருகேற்றுவது என் பிழைப்பு. பஃபிங் சக்கரம் பட்ட இரும்பு எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அதனால் நெல்லியாம்பதி எஸ்டேட் வீடுகளில் தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அபிப்பிராயம் கேட்டுக் கூப்பிடுவார்கள். உரிமம் இருந்து, உள்ளே குண்டு இல்லை என்று அவர்களே திறந்து காட்டினால்தான் குனிந்து பார்ப்பேன்.

நீலம் என்பது துப்பாக்கி இரும்பின் மேலிருக்கும் நீலக்கருப்பு நிறம். அந்த நிறத்தைக் கடைசியில் பாருங்கள். அதை யாரும் ஏற்றலாம். முதலில் விளிம்பு. எண்கோணக் குழலின் விளிம்புகள் விரலில் உறுத்த வேண்டும். சக்கரத்தில் பிடித்தால் முதலில் மழுங்குவது அவைதான். ஸ்குரூ துளையின் வாயும் சிறு கிண்ணம்போலச் சரிந்திருக்கும். அடுத்து, லென்ஸ் வைத்து முத்திரைகளைப் பாருங்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் துப்பாக்கிகளைச் சோதித்துக் குத்தும் சோதனைச்சாலை முத்திரையின் ஒரு பாதி ஆழமாகவும் மறுபாதி ஆவிபோலவும் இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

பிறகு துருக்குழி. இதுதான் எனக்குப் பிடித்த இடம். இரும்பின் நீலம் பெயிண்ட் அல்ல. துருவேற்றி, கொதிநீரில் போட்டு, தேய்த்து, மறுபடி துருவேற்றி உண்டாக்கும் கரிய ஆக்சைடு. துரு அதைத் தின்றுதான் குழி பறிக்கும். ஆகவே அசல் துப்பாக்கியில் குழிக்குள் பழுப்பு இருக்கும். குழியின் அடிவரை பளபளவென்று நீலமாக இருந்தால், துருப்பிடித்த பிறகு ஏற்றிய நீலம் அது. நம் மலையின் தென்மேற்கு மழையில் நூறு வருடம் கிடந்த இரும்பு புதுமாப்பிள்ளையாக நின்றால் நான் நம்பமாட்டேன்.

தேய்மானத்துக்கும் காரணம் இருக்க வேண்டும்: தோலுறையில் உரசும் குழல்முனை, உள்ளங்கை படும் பின்புறம். கைப்பிடிப் பலகையைக் கழற்ற முடிந்தால் அடியில் மறைந்திருக்கும் நீலத்தோடு வெளிநீலத்தை ஒப்பிடுங்கள். பொருத்தமான திருப்புளி இல்லையென்றால் கழற்றவே வேண்டாம். சூடான காரஉப்பில் முக்கி ஏற்றும் அடர்கருப்பு 1930களின் பிற்பகுதியில்தான் பரவியது. 1880ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் அது இருக்க நியாயமில்லை.

நீலத்துக்குப் பதில் நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியென்றால் ஒரு நல்ல சோதனை உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய துப்பாக்கிகளில் சுத்தியலும் விசையும் பொதுவாக நிக்கல் பூசப்படாமல், சூட்டில் கடினமாக்கிய பலநிறத்தோடு இருக்கும். அவையும் வெள்ளையாக மின்னினால் முலாம் பிற்பாடு பூசியது என்று கொண்டு விலையைப் பாதியிலிருந்து பேசத் தொடங்குங்கள்.